கீழே இறங்கும் படி

'கீச்.' குருவிக்குஞ்சின் சத்தம் போல இருக்கும். புகை அறியும் கருவியில் பேட்டரி சாகப் போகிறது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் காதுதான் முதலில் ஓடும், கண் பின்னால் மூச்சிரைக்க வரும்.

கல்முனையில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நான் தீக்காவல். கீழே புடைவைக் கடை, மேலே கல்யாண மண்டபம். பொழுதுபட மக்ரிபுத் தொழுகைக்கு வந்தால் விடியச் சுபஹுக்குத்தான் வீடு. தீயணைக்கும் சிலிண்டரின் முதுகில் எழுதியிருப்பதை வாசித்தும் போனில் வீடியோ பார்த்தும் படித்த படிப்புத்தான் என்னுடையது. பகலில் யன்னலைச் சாத்திக்கொண்டு படுத்து, உறக்கம் வராமல் கூரையைப் பார்க்கிற, என்னைப் போல இரவு வேலை செய்கிற உங்களுக்கு மற்றதைச் சொல்லத் தேவையில்லை.

என் மனைவி சரீனா கத்தாரில், பன்னிரண்டாம் மாடி வீடொன்றில், வயதான ஒரு பெண்ணைப் பராமரிக்கிறாள். ஹஜ்ஜுப் பெருநாளோடு ஒப்பந்தம் முடிகிறது. வருவாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சாம்பிராணி

மக்ரிபு வேளையில் புடைவைக் கடை ஹாஜியார், கடைக்குப் பறக்கத்து என்கிற இறையருள் வரட்டும் என்று சாம்பிராணி போடுவார். தட்டைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாகப் போவார். புகை மேலே ஏறும், கருவி அலறும், தோளில் கல்யாணச் சாரியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே தெருவுக்கு ஓடுவார்கள். ஒருநாள் வந்து பார்த்தால் கருவிக்குப் பொலித்தீன் பையைக் கட்டி, றப்பர் பேண்டும் போட்டிருக்கிறார்.

பையைக் கழற்றினேன். தட்டோடு வாசலில் நின்றுகொள்ளுங்கள், காற்று உள்ளே கொண்டுவரும் என்றேன். சரீனா தலை முழுகிய நாளில் எங்கள் வீட்டிலும் இந்த வாசம்தான் இருக்கும். அதை ஹாஜியாரிடம் சொல்ல முடியுமா? அவர் கருவியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "பறக்கத்து வாற நேரத்துல இது ஏன் கத்துது தம்பி? மக்ரிபுக்கு மட்டும் இதுக்கும் லீவு குடுங்களன்."

தீக்கதவு

மாடிப்படிக்குப் போகும் கதவு கனமானது. தானாகச் சாத்திக்கொள்ளும். கீழே தீப்பிடித்தால் புகை படியில் ஏறாமல் தடுத்து வைத்திருப்பது அதுதான். ஆனால் கல்யாண நாளில் அதற்கு முன்னால் அரிசி மூட்டை வந்துவிடும். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வருகிறவன் கதவை எதால் திறப்பான்? அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மூட்டையை இழுத்துவிட்டுச் சமையல்காரரிடம் தொழில் விளக்கம் சொன்னேன். அகப்பையை நிறுத்தாமலே சொன்னார்: "நெருப்பு எப்ப வருமெண்டு ஒனக்கே தெரியா மச்சான். மாப்புள்ளட ஆக்கள் வந்திட்டாங்க, அது எனக்குத் தெரியும்." கடைசிச் சஹன் போகும் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

ஓட்டை

இன்டர்நெட் வயர் இழுக்க வந்த தம்பி, தீக்கதவுக்கு மேலே சுவரில் ஓட்டை போட்டு, வயரை விட்டு, கையைத் தட்டிக்கொண்டு இறங்கினான். "எலிக்குஞ்சும் போகாது காக்கா" என்றான், அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. புகைக்கு எலிக்குஞ்சின் உடம்பு தேவையில்லை என்றேன். ஏணி போட்டு, தீ தாங்கும் பசையை விரலால் அப்பத் தொடங்கினேன். கீழே நின்று பதறினான்: "அடைங்க, அடைங்க. வயர மட்டும் அத்துப் போட்டிராதீங்க, அதாலதான் நீங்க கத்தார் ராத்தாவோட கதைக்கிற!"

படி

உண்மைதான். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அந்த வயரால்தான் சரீனா வருவாள். ஒருநாள் கேட்டேன், "ஒங்கட கட்டடத்துல படி எங்க இரிக்கி?"

"தெரியா. லிப்டுலதான் ஏத்தினாங்க, லிப்டுலதான் இறக்குவாங்க."

தீப்பிடித்தால் லிப்டில் கால் வைக்காதே, ஓடுகிற மனிதன் படம் போட்ட பச்சைப் பலகையைத் தேடு, கதவைத் திறக்க முதல் புறங்கையால் தொட்டுச் சூடு பார் என்று பாடம் எடுத்தேன். அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். வேறொன்றைக் கேட்க வாய் திறந்தாலும் படிதான் வந்தது. அவள் சிரித்தாள்: "இஞ்ச பாருங்க, மத்த ஆம்புளயள் சாப்பிட்டியா எண்டு கேப்பாங்க. நீங்க படி எங்க எண்டு கேக்கிறீங்க."

சுபஹு

நேற்று விடியப் பள்ளியில் பாங்கு சொல்லி முடிய அவளுடைய குரல் பதிவு வந்தது. குப்பைப் பையோடு பன்னிரண்டு மாடியும் படியால் இறங்கிப் பார்த்தாளாம். அடிக்கதவுக்குக் குறுக்கே யாரோ பழைய சோபாவைப் போட்டிருக்கிறார்கள். காவலாளியைக் கூட்டிவந்து அதை எடுப்பித்துவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறாள். நான் ஏணியின் மேல்தட்டில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு சற்று மூச்செடுத்துச் சொன்னாள்:

"மேடம் இன்னும் ஒரு வருசம் நிக்கச் சொல்றா. நீங்க பயப்படுவீங்களே எண்டுதான் யோசிச்ச. இப்பதான் படி தெரியுமே, ஓம் எண்டு சொல்லிட்டன்."

எல்லாருக்கும் வெளியே போகிற வழியைத் திறந்து வைப்பதுதான் எங்கள் தொழில், வீட்டுக்கு வருகிற வழி அதில் சேர்த்தியில்லை.

மூன்றாம் மாடியில் 'கீச்' என்றது. புதுப் பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டு, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன்.