நாப்பது வாட் வெளிச்சத்துல

எங்க பெரியண்ணனை ஊரே இடின்னுதான் கூப்பிடும். கோவம் வந்தா முதல்ல கை பேசும், அப்புறம்தான் வாய். அப்பா போனதும் கறிக்கடையில கத்தியை எடுத்து என்னையும் சின்னண்ணனையும் ஆளாக்கினவன் அவன்தான். அடிச்சே ஆளாக்கினான். என் கையைப் பிடிச்சு இழுத்த ஒருத்தனோட பல்லை நடுத்தெருவுல உதிர்த்துட்டு, வீட்டுக்கு வந்து எனக்கும் ஒண்ணு வச்சான், "அங்க எதுக்குடி நின்னே"ன்னு. அவன் பாசம் அந்த லட்சணம்.

கடைக்குப் பின்னாடி ஜன்னலே இல்லாத ஒரு அறை. வெட்டுற கட்டை அங்கதான். சின்னவன் எலும்பைப் பிடிச்சுக்குவான், பெரியவன் கத்தியை இறக்குவான். ஒவ்வொரு வெட்டுக்கும் எலும்பு கொஞ்சம் தள்ளி வரும், விரலும் கூடவே வரும். ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க. கல்லாவுல உக்காந்து கதவு வழியா அதைப் பார்க்கிற நான்தான் ஒவ்வொரு வெட்டுக்கும் விரலை எண்ணுவேன்.

கட்டைக்கு மேல தொங்கின அறுபது வாட் குண்டு பல்பு ஒருநாள் காலையில போயிடுச்சு. சின்னவன் போய் எல்ஈடி பல்பு ஒண்ணு வாங்கிட்டு வந்தான். பெரியவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

"ஒன்பது வாட்டா? அறுபது இருந்த இடத்துல ஒன்பதா? இதுக்கு நீ மெழுகுவத்தி வாங்கியிருக்கலாமேடா."

"அண்ணே, வாட்டுங்கிறது அது எவ்வளவு கரண்டு சாப்பிடுதுங்கிற கணக்கு. வெளிச்சம் எவ்வளவுன்னு லூமன்தான் சொல்லும். பாரு, தொள்ளாயிரம்னு போட்டிருக்கு. பழசை விட இதுல அதிகம்." அதோட நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தாத்தானே. "சாப்பிடறதை வச்சு வேலையை எடைபோட்டா, இந்த வீட்ல உன்னை மிஞ்ச ஆளே இல்ல."

நான் சிரிச்சுத் தொலைச்சேன். அடுத்த நிமிஷம் சின்னவன் மூக்குல ரத்தம், பல்பு எலும்புக் கூடையில. மேல்மூடி பிளாஸ்டிக், அதனால உடையல. எடுத்துத் துடைச்சுக் கல்லாப் பெட்டியில போட்டு வச்சேன்.

பெரியவன் தானே கடைத்தெருவுக்குப் போனான். அறுபது கிடைக்கலையாம், நாப்பது வாட் குண்டு பல்பைக் கொண்டுவந்து மாட்டினான். "ஒன்பதுக்கு நாப்பது எத்தனை மடங்குன்னு தெரியுமாடி?" எரிஞ்சுது, மஞ்சளா, அழுது வடிஞ்சுக்கிட்டு. பெட்டியில நானூறு லூமன்னு இருந்ததை நான் சொன்னேன். என் பக்கமும் கை ஓங்கினான். சின்னவன் மூக்கைத் துடைச்சுக்கிட்டு எலும்பைப் பிடிச்சான்.

முதல் ஆட்டுத்தொடையே வெட்டி முடியல. கத்தி இறங்கின சத்தம் வேற மாதிரி கேட்டுது. சின்னவன் கத்தல, கட்டையையே பார்த்துக்கிட்டு நின்னான். அவனோட இடது கை விரல் ரெண்டு கறித்துண்டோட கிடந்துது, அந்த மங்கல்ல எது எதுன்னு எனக்கே தெரியல. கையில கிடைச்ச எடைக்கல்லை எடுத்துப் பெரியவன் மேல எறிஞ்சேன். நெத்தி பிளந்து ரத்தம் கண்ணுல இறங்குச்சு. "இப்போ அடிடா, வந்து அடி"ன்னு நின்னேன். இடின்னு பேர் எடுத்தவன் கையைத் தூக்கவே இல்ல.

விரலை ஒட்ட வைக்க முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.

காயம் ஆறினதும் சின்னவன் கடைக்கு வந்தான். என்கிட்ட கையை நீட்டி அந்த ஒன்பது வாட் பல்பை வாங்கினான், ஸ்டூல் போட்டு அவனே மாட்டினான். அறை வெள்ளையாச்சு. கட்டையில ஊறிப்போன கறை வரைக்கும் தெரிஞ்சுது. அப்புறம் வலது கையில கத்தியை எடுத்தான். பெரியவன் எதிர்ப்பக்கம் வந்து எலும்பு மேல தன் கையை வச்சான். இவன் பழி தீர்த்துக்கப் போறான்னே நினைச்சேன், தடுக்கணும்னு எனக்குத் தோணவும் இல்ல.

"எத்தனை வாட்டு அண்ணே?"

"ஒன்பது."

"போதுமா?"

பெரியவன் தம்பியோட மூணு விரல் கையைப் பார்த்தான். "போதும்டா."

சின்னவன் இருந்த பலமெல்லாம் சேர்த்து இறக்கினான். கட்டை அதிர்ந்துது. எலும்பு ரெண்டாச்சு, கத்தி பெரியவன் விரலை ஒட்டி நின்னுது. அவன் கையை இழுக்கவே இல்ல. கண்ணுல தண்ணி மட்டும் நிக்காம ஓடுச்சு.

"தெரியுது," சின்னவன் சொன்னான். "தள்ளி வை."

பெரியவன் எலும்பைத் தள்ளி வச்சான்.