இல்லாத நோய்க்குப் பயந்து என் பிள்ளையைப் பிரிந்தேன்

ஏழு மாதக் குழந்தை பாலுக்கு அழுதது. எனக்கு நெஞ்சு கட்டி வலித்தது. ஆனாலும் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பாலை வாளியில் பிழிந்து ஊற்றினேன்.

சகோதரிகளே, இப்படி ஒன்பது நாட்கள். என் உடம்பில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்வதானால், நான் செய்த பிழையையும் சொல்லத்தான் வேண்டும்.

புத்தளம் பக்கம் கனமூலையில் இருக்கிறேன். வீட்டிலேயே தைத்துக் கொடுப்பது என் தொழில். கணவர் கட்டார் நாட்டில் சாரதி. றைஹானா என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கற்பிட்டியில் வாழ்க்கைப்பட்டு, கணவர் மவுத்தான பிறகு இங்கே அண்ணனான தன் நானாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். துணையில்லாமல் இருந்த எனக்கு அவள் கூடப்பிறந்தவள் போல ஆனாள்.

நோன்புக்கு முந்திய மாதம் ஒரு நாள், என் குசினியில் மீன் வெட்டும்போது அவளுடைய விரல் ஆழமாக வெட்டுப்பட்டது. அவள் கையை இழுக்கப் பார்த்தாள். நான் விடாமல் என் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். மணிக்கட்டு வரை இரத்தம். கழுவினேன், மறந்துவிட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த பிறகுதான் அவள் சொன்னாள். கணவரிடமிருந்து அவளுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. தனக்கு இருப்பதை அவர் கடைசிவரை மறைத்துவிட்டார். ஐந்து வருடமாக மருந்து குடிக்கிறாளாம். "ஒனக்கு மட்டும்தான் செல்றேன். நானாக்கும் தெரியா," என்றாள்.

அவள் அழுதாள். எனக்கு அந்த இரத்தம்தான் கண்ணில் நின்றது. தையல்காரியின் விரல்களில் ஊசி குத்தாத நாள் ஏது? அன்றைக்கு எந்த விரலில் குத்தியிருந்தது? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகும் நான்கு மாதம் என் சஹன் தட்டில் கூடச் சாப்பிட்டவள், என் மடியில் பிள்ளையைப் பார்த்தவள், வாய் திறக்கவில்லையே. என்னை ஏமாற்றிவிட்டாள் என்று மனம் கொதித்தது.

அன்றைக்கே கணவரின் சகோதரி நஸ்லியா மதினியிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். மதினி என் தலையில் கை வைத்து, "அல்லாஹ் மேல ஆணையா இது எண்ட வாயால போகாது," என்றார். ஜும்ஆ நாளான வெள்ளி அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தைக்கத் தந்த துணிகளை வெட்டாமலே திருப்பிக் கேட்டு வந்தார்கள். றைஹானாவின் உடுப்புப் பையை அவளுடைய நானா வாசலில் வைத்தார்.

மறுநாள் கணவரிடமிருந்து அழைப்பு வந்தது. நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. "புள்ளைய மதினிட்ட குடு. நீ தொடாத," என்றார். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சற்று நேரத்தில் மதினி வந்தார். என் கை தன் மேல் படாமல் இருக்க, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு என் பிள்ளையை வாங்கிப் போனார்.

எல்லோரும் என்னைக் கைவிட்டதாக எண்ணி அழுதேன். சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை, ளுஹா தொழுது, நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் கிடந்தேன். "யா அல்லாஹ், மனிதர்களை நம்பி விழுந்துவிட்டேன். உண்மை தெரிந்த ஒருவரை என்னிடம் அனுப்பு." அவ்வளவுதான் கேட்டேன்.

முஸல்லா விரிப்பை மடிக்கக்கூட இல்லை, வாசல் படலையில் சத்தம் கேட்டது. எங்கள் பகுதிக்கு வரும் மருத்துவமாது. உடப்பு ஊரைச் சேர்ந்தவர். மதினி வீட்டில் பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார்.

"பிள்ளை மெலிஞ்சு போச்சு தங்கச்சி. ஏன் பால் குடுக்கல்ல?"

சொன்னேன். அவர் பின்னால் நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் என்னைத் தொட்ட ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கே பஸ்ஸில் என்னைப் புத்தளத்தில் இருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்.

டொக்டர் பொறுமையாகக் கேட்டார். அன்று என் கையில் இரத்தம் வடியும் திறந்த காயம் இருந்ததா? இல்லை. பழைய ஊசித் தழும்புகள்தான். அப்படியானால் பயமில்லை என்றார். காயமில்லாத தோலில் பட்ட இரத்தத்தால் இது தொற்றாது, காய்ந்துபோன ஊசித் தழும்பு வழியாக உள்ளே போகாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் கட்டிப்பிடித்தாலும் தொற்றாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்துவது, சிகிச்சை பெறாத தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவைபோன்ற சில வழிகள்தான். மருந்தை ஒழுங்காகக் குடித்து, கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்கே தொற்றாதாம். இரத்தப் பரிசோதனை தேவையில்லை, ஆனாலும் உங்கள் மன நிம்மதிக்காகச் செய்வோம் என்றார். மூன்று மாதம் கடந்துவிட்டதால் இந்த முடிவே போதும், திரும்ப வரத் தேவையில்லை என்றும் சொன்னார்.

தொற்று இல்லை. அல்ஹம்துலில்லாஹ். "போய் பிள்ளைக்குப் பால் குடுங்க," என்றார்.

நேரே மதினி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். முதலில் முகத்தைத் திருப்பியது. பாலும் குறைந்திருந்தது. விடாமல் வைத்துப் பழக்கி, நான்காம் நாள்தான் வயிறு நிறையக் குடித்தது. கணவர் போனில் அழுது மன்னிப்புக் கேட்டார். மன்னித்தேன். ஆனாலும் அந்த முதல் அழைப்பை மறக்க முடியவில்லை.

பிறகு றைஹானாவைத் தேடி முந்தலுக்குப் போனேன். அங்கே ஓர் அறை எடுத்திருந்தாள். வாசலிலேயே நிறுத்தினாள்.

"வெட்டுப்பட்ட அண்டைக்கே கிளினிக்குக்கு கோல் எடுத்தேன். ஒனக்கு ஒண்டும் ஆகாதெண்டு டொக்டர் செல்லின பொறகுதான் எனக்குச் சோறு எறங்கின. ஒன்ன நம்பித்தானே செல்லின?"

மதினி எனக்குச் செய்ததை நான் அவளுக்கு முதலே செய்திருந்தேன்.

"அல்லாஹ்வுக்காக மாப்பு செஞ்சிட்டேன். ஆனா இங்க வராத," என்றாள்.

இன்று என் பிள்ளை தவழ்கிறது. தைக்கத் துணிகளும் வரத் தொடங்கிவிட்டன. ஒருவர் நம்பிச் சொன்ன பேச்சு இப்போது என் வாயைத் தாண்டுவதில்லை. சகோதரிகளே, இப்படி ஒரு பயம் உங்களைப் பிடித்தால், ஊர் வாயிடம் போகாதீர்கள். படைத்த றப்பிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து டொக்டரிடம் போங்கள். அவன் உதவி அந்த வழியிலும் வரும், எனக்கு வந்தது. துஆ கேட்கும்போது றைஹானாவின் உடல் நலத்துக்காகவும் கேளுங்கள். நான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அவளிடம் சொல்லத்தான் எனக்கு வழியில்லை.