நான் சொன்ன பளம்

பட்டாசுக் கம்பெனியில், வெடி போட்டுப் பார்க்கும் திடலை ஒட்டிய அறையில் ஆறு வருடம் திரி செருகினேன். அப்போதே காது மந்தமாகத் தொடங்கியிருக்க வேண்டும். கல்யாணமான பிறகுதான் உறைத்தது. மாமியார் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். "அம்புட்டுத் திமிரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். கணவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம் மதுரைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சிக்காக ஒரு பெண் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல், ஊரிலேயே லேப்டாப் வைத்துக் காதைச் சோதிக்க முடியுமா என்று பார்க்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட அறையில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, பட்டாசு வேலை பார்த்த எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்தார்.

ஹெட்போனில் ஒரு குரல் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பழம் என்றது. "பளம்" என்றேன். தாளில் ஒரு கோடு இழுத்தார். மழை என்றது. "மளை" என்றேன். இன்னொரு கோடு. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

"ஏன் தப்புப் போடுதீக?"

"பழம்னு வந்தது. நீங்க பளம்னு சொல்றீங்க. சரியா கேக்கலைன்னு அர்த்தம்."

"காதுல நல்லாத்தான் விளுந்துச்சு. எங்க ஊர்ல அப்பிடித்தான் சொல்லுவோம். வெளிய நிக்கிறவகளக் கேட்டுப் பாருங்க."

பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் பளம் என்றார்கள். அறையைத் திறந்துவிட வந்த வாத்தியாரும் பளம் என்றார். திரும்பி வந்தவர் பழைய தாள்களைப் புரட்டினார்.

"இதுக்கு முன்னாடி போன ஊர்லயும் தப்பாத்தான் எழுதியிருக்கேன். நீங்க வீட்ல, கம்பெனில பேசுற வார்த்தையா கொஞ்சம் சொல்லுங்க, அக்கா."

அடுத்த மாதம் நான் சொன்ன வார்த்தைகளை வைத்துப் புதுப் பட்டியலோடு வந்தார். ஒலித்தது சாத்தூர்ப் பெண் ஒருத்தியின் குரல். இந்த முறை சட்டியைக் கட்டி என்றேன், பாயைத் தாய் என்றேன். உண்மையிலேயே எனக்குக் கேட்காதவை அவைதான். எனக்குக் காது மந்தம் என்று கணவர் மாமியாரிடம் சொன்னார். மறுநாளிலிருந்து மாமியார் என் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார்.

ஆராய்ச்சிக்காக எனக்கு ஒரு காது மிஷினும் கொடுத்தார்கள். முதல் வாரம் பேப்பர் கசங்கினாலே தலைவலித்தது. ஆராய்ச்சிக்கு வந்த பெண் அதை லேப்டாப்பில் இணைத்து, என்னைக் கேட்டுக் கேட்டுச் சத்தத்தைச் சரிசெய்தார்.

பிறகு ஞாயிறுகளில் சோதனைக்கு உதவியாக அவரோடு நானும் ஆனைக்குட்டம் பக்கத்து ஊர்களுக்குப் போனேன். அங்கே ஒருத்தி சோதனை அறையின் வாசற்படி தாண்டவே தயங்கினாள்.

"எந்தப் பக்கம் நல்லாக் கேக்கும்?" என்றேன்.

இடது காதைக் காட்டினாள். அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.