ஸ்கூட்டர் வகுப்பை மதிப்பிடப் போன கதை

பெங்களூரு நீலசந்திராவில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு எங்கள் தொண்டு நிறுவனம் மூன்று மாதம் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அதனால் அவர்களுக்கு என்ன பயன் என்று பார்த்து அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. அதுதான் என் முதல் மதிப்பீடு.

வேறொரு திட்டத்துக்கான படிவத்தில் தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் ‘மிக நன்று’ என்றே டிக் அடித்திருந்தார்கள். மதிய உணவு மிக நன்றாம். நாங்கள் சாப்பாடே போடவில்லை!

“சூப்பர் ரிசல்ட், அனுப்பிடுங்க” என்றார் மேலாளர். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் வெறுங்கையோடு போய், அவர்களோடு தரையில் உட்கார்ந்து, ஒன்றே ஒன்று கேட்டேன்.

“கடைசியா எப்ப வண்டி ஓட்டினீங்க?”

ஒரு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஓட்டக் கத்துக் குடுத்தீங்க மேடம், சரி. சாவிய யாரு குடுப்பா? எங்க ஊட்டுக்காரரு தூங்கும்போதுகூட இடுப்புல சொருவிக்கினு தூங்குறாரு!”

அறையே குலுங்கிச் சிரித்தது. தினமும் ஓட்டுகிறவர் ஒரே ஒருவர்தான்.

“எங்க ஊட்டுக்காரருக்குக் கால் உடைஞ்சிச்சு மேடம். வண்டி எனக்கு வந்துச்சு.”

இதை வகுப்பின் பலன் என்று எழுதுவதா, உடைந்த காலின் பலன் என்று எழுதுவதா? நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“கால் உடைஞ்சா ஓட்டத் தெரிஞ்சிடுமா? ஏறுங்க பின்னாடி!”

ஏறினேன். சந்துக்குள் பறந்தது வண்டி. “ஜாகா பிடி அண்ணா!” என்று கன்னடத்தில் வழிவிடச் சொல்லிக் கத்தி, தக்காளி வண்டிக்காரரை ஒதுங்க வைத்தார். வேகத்தடையில் நான் அலறிய அலறலுக்கு ஒரு தெருவே திரும்பிப் பார்த்தது. இறங்கிய பிறகும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

‘நன்றாக ஓட்டுகிறார்கள். ஓட்ட வண்டிதான் இல்லை’ என்று அறிக்கையைத் தொடங்கினேன். மேலாளர் ஒரு வாரம் என்னோடு மல்லுக்கட்டினார். கடைசியில், பயிற்சிக்கு வைத்திருந்த இரண்டு ஸ்கூட்டர்களையும் அந்தப் பெண்களே முறைவைத்து ஓட்டட்டும் என்று விட்டுவிட ஒப்புக்கொண்டார்.

அடுத்த மாதம் வண்டிகளைப் பார்க்க, அவற்றை நிறுத்தும் இடத்துக்குப் போனேன். அரைமணி நேரம் நின்றும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரண்டையும் பெண்கள் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். காலி இடத்தைப் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிட்டு, நடுத்தெருவில் தனியாக நின்று சிரித்தேன்.