எல்லாரும் வலது பக்கம் பாருங்க

"எல்லாரும் வலது பக்கம் பாருங்க. வலது பக்கம் மட்டும். குருசடி வருது."

கால்வாயின் மூன்றாவது வளைவில் இப்படிச் சொல்லும்போது படகோட்டி அவராச்சனின் குரல் ஒரு படி உயரும். சுக்கானைத் தொடையால் அணைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் வலப்பக்கம் நீட்டுவார். கரையில் ஆள் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே குதிரைமேல் கீவர்கீஸ் புண்ணியாளன் என்கிற புனிதர், காலடியில் பாம்பு. ஊர்க்காரர்கள் இருபது வினாடியில் சொல்லி முடிக்கும் கதையை அவர் ஏழு நிமிடம் சொல்வார். பெருவெள்ளத்தில் தண்ணீர் ஏறி ஏறிக் குதிரையின் குளம்பு வரை வந்து நின்றதாம். நின்ற தண்ணீர் குளம்பை நக்கிவிட்டு இறங்கியதாம். இந்த நக்கல் விஷயம் அவரே சேர்த்தது. கதை முடியும்போது படகு அடுத்த வளைவைத் தாண்டியிருக்கும்.

ஆலப்புழை படகுத்துறையில் சிக்காரா ஓட்டுகிறவர்களில் மூத்தவர். வயது அறுபத்திரண்டு. எட்டுப் பேர் உட்காரும் படகு, சொந்தம். செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு ஏறுவார். முகப்பில் மாதா படம், அதன் பக்கத்தில் வெண்ணெய்க் கண்ணன். சபரிமலைக்கு வருகிறவர்களிடம் பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் சுற்றிக் காட்டுகிற இடங்களை விரல்விட்டு எண்ணுவார்: "கோயில் ஏழு, சர்ச் அஞ்சு, பள்ளிவாசல் ஒண்ணு, புத்தர் அரை." கருமாடியில் இருக்கிற கருங்கல் புத்தருக்கு உடம்பில் பாதி இல்லை என்பதால் அரை. அம்பலப்புழைப் பால்பாயசம் பற்றிக் கேட்டால், "அதைக் குடிக்காம வந்தா கண்ணன் கோவிச்சுக்க மாட்டான் சார். வீட்டுக்காரி கோவிச்சுக்குவா" என்பார். பெண்கள் சிரிப்பார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். இங்கே வந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. படகு வீடுகளின் விரிப்புகளைத் தேய்த்துக் கொடுக்கிறேன். மூட்டைகளை அவர் படகில்தான் கொண்டுபோவேன். அதனால் மூன்றாவது வளைவின் இடப்பக்கம் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அங்கே அவர் வீடு இருக்கிறது. வீடு என்றால் நீல வண்ணம் பூசிய இரண்டு அறை. இந்தப் பக்கத்தில் வயலைவிட ஆறு உயரம். சுற்றிலும் வரம்பு கட்டி, மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்தால்தான் வயலும் வயலுக்குள் இருக்கிற வீடும் காய்ந்த தரையாக இருக்கும். ஆறு வருடத்துக்கு முன் வரம்பு உடைந்தது. கட்டினார்கள். மறு வருடமும் உடைந்தது. வயல்காரர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். லாபமில்லாத விவசாயம் போதும் என்று விட்டுவிட்டார்கள். விவசாயம் இல்லையென்றால் மோட்டார் இல்லை. உள்ளே வந்த தண்ணீர் அங்கேயே தங்கிவிட்டது. கோடையில் கணுக்கால் அளவு, மழையில் முழங்காலுக்கு மேல். அக்கம்பக்கத்தில் இருந்த ஒன்பது குடும்பமும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போனது. அவராச்சன் கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தார். அடுத்த மழைக்கு இன்னும் இரண்டு வைத்தார்.

அவர் மனைவி அன்னக்குட்டி நல்ல உயரம். வாய் அதைவிட நீளம். பிள்ளைகள் இல்லை. பெஞ்சின்மேல் அடுப்பை ஏற்றி, தண்ணீரில் நின்றபடி மீன் பொரித்து எனக்கும் தட்டில் வைப்பாள். அவளுடைய தம்பி கட்டப்பனையில் இருக்கிறான். இரண்டு அறை ஒழித்துத் தருகிறேன் என்று வருடா வருடம் கூப்பிட்டான். "மலையில தண்ணி கீழ ஓடும். இங்க வந்து உக்காந்துக்கிச்சு. வாங்க இச்சாயா, நாம எந்திரிச்சுப் போயிரலாம்" என்று அவள் புருஷனிடம் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். அடுத்த பருவத்தில் மோட்டார் வைத்துவிடுவார்கள் என்பார் அவராச்சன். மனு கொடுத்திருக்கிறேன், குருசடியில் மெழுகுவத்தியும் ஏற்றியிருக்கிறேன் என்பார். அவள் என்னைப் பார்த்துச் சொல்வாள்: "ஊருக்கெல்லாம் புண்ணியாளனைக் காட்டிக் குடுக்குறாரு அண்ணாச்சி. எதிர்க்கரையில இருக்கிற அந்த ஆளை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரத் தெரியல."

அப்போதெல்லாம் அவர் அந்த வளைவில் இடப்பக்கம்தான் காட்டுவார். அது என் வீடு, அவள் என் மனைவி என்பார். அன்னக்குட்டியும் கை உயர்த்துவாள். ஒருநாள் அவள் முழங்கால் தண்ணீரில் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தபோது, படகிலிருந்த ஓர் அம்மாள் படம் எடுத்துக்கொண்டே, தண்ணீருக்குள்ளேயே வாழ்கிறார்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சொன்னாள். சொன்னது அன்னக்குட்டியின் காதில் விழுந்தது. அன்றிரவு அவள் புருஷனுக்குச் சோறு போடவில்லை. "நான் ஒண்ணும் பாக்குற இடம் இல்ல இச்சாயா. இனிமே உங்க ஆளுங்க இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. நீங்களும்தான்" என்றாள். அவராச்சன் மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். மறுநாளிலிருந்து எல்லாரும் வலது பக்கம் பார்த்தார்கள். குருசடிக் கதை நீண்டது அப்படித்தான்.

போன கர்க்கடகத்தில், நம் ஆடியில், அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கடையில் வாங்கிய மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை ஈரோட்டுக் குடும்பம் ஒன்று, எட்டுப் பேர், நாள் முழுக்கச் சுற்ற முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் அவராச்சன் சொன்னாராம். போய்விட்டு வாருங்கள், சாயங்காலம் போகலாம் என்று அனுப்பிவைத்தது அவள். மழையில் இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. அவள் கைபேசி அணைந்து கிடந்தது.

பதினொரு மணிக்குப் படகு வளைவுக்கு வந்தது. கைகள் வலப்பக்கம் நீண்டன. கதையில் தண்ணீர் குதிரையின் குளம்புக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, அந்தக் குடும்பத்து மருமகள் மட்டும் இடப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஐயா, அந்த வீட்டு ஜன்னல்ல ஒருத்தங்க துண்டை ஆட்டுறாங்க."

அவராச்சன் திரும்பவில்லை. சத்தியம் செய்திருந்தார். "இங்க எல்லாரும் அப்படித்தான் மோளே, நல்ல ஜனங்க. நீங்களும் கை காட்டுங்க" என்றார். எட்டுப் பேரும் கை காட்டினார்கள். அந்த மருமகள் துப்பட்டாவை எடுத்து ஆட்டினாள். படகு அடுத்த வளைவுக்குப் போய்விட்டது.

நாலு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது துண்டு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பாதி கட்டிலிலும் பாதி தண்ணீரிலுமாகக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். எத்தனை மணியிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். அவராச்சன் பதினொன்று என்றார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அவள் இரண்டு நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்திலும் தண்ணீர் நின்றதால் தரைக்கு மேலே சிமெண்டில் தொட்டி கட்டி அதில் அவளை வைத்தார்கள். சவப்பெட்டி அவர் படகிலேயே போனது. மெத்தைகளைக் கழற்றியிருந்தோம். சரிகைத் தொங்கல்களைக் கழற்ற நேரமில்லை. எதிரே வந்த படகு வீடு ஒன்று பாட்டை நிறுத்தி ஒதுங்கி வழிவிட்டது. அதன் மாடியிலிருந்து யாரோ படம் எடுத்தார்கள். அவராச்சன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நாற்பத்தோராம் நாள் பூசை முடிந்து என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். இதையெல்லாம் அப்போதுதான் சொன்னார். வேறு வேறு மாதிரி சொல்லவில்லை, ஒரே மாதிரியாக இரண்டு தடவை சொன்னார். பிறகு, "அவ சொன்ன சொல்லை நான் ஒருநாளும் மீறல அண்ணாச்சி. ஒரே ஒரு தடவை மீறியிருக்கலாம்" என்றார். தேய்த்து மடித்த விரிப்பையே பிரித்து மறுபடி தேய்த்தேன்.

கட்டப்பனை மைத்துனன் வந்து கூப்பிட்டான். போகவில்லை. அதே வீட்டில், அதே செங்கல் வைத்த கட்டிலில் படுக்கிறார். மூன்றாவது வளைவில் இப்போது பேசுவதில்லை. யாரும் எந்தப் பக்கமும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கரையில் யாராவது கை தூக்கினால் படகைத் திருப்பிவிடுகிறார். இந்தக் கால்வாய்க் கரையில் நாள் முழுக்க யாராவது கை தூக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். துணி உலர்த்துவார்கள், கொசு விரட்டுவார்கள், தலை துவட்டுவார்கள். ஒவ்வொருவரிடமும் போய் என்ன வேண்டும் என்று கேட்கிறார். ஒரு மணி நேரச் சுற்று இரண்டு மணி நேரம் ஆகிறது. பயணிகள் ரயிலைத் தவறவிட்டுத் திட்டினார்கள். ஆள் பிடித்துத் தருகிறவர்கள் அவரிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலும் காலியாகத் துறையில் நிற்கிறார். என் மூட்டைகள் மட்டும் ஏறுகின்றன.

போன வியாழக்கிழமை மூட்டைகளோடு போனேன். தோட்டுக்கடவுத் துறையில் ஓர் இளம்பெண் படியில் நின்று ஈரப் பாயை உதறினாள். படகு திரும்பியது. நான் தடுக்கவில்லை. படியருகே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு, "என்ன மோளே, என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் சேட்டா. பாயைத்தான் உதறினேன்."

அவர் தூணை விடவில்லை. படகு ஆடிக்கொண்டிருந்தது. மற்றக் கையைத் திருப்பி, காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையை அவள் நெற்றிப் பக்கமாக நீட்டினார். படி உயரத்தில் நின்ற அவளை அது எட்டவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பாயைக் கீழே போட்டுவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, அவர் கை படும்வரைக்கும் குனிந்து நின்றாள்.