கொலைகாரனுக்கு நாலாவது சீட்

போன வாரம் கும்மிடிப்பூண்டியில் நண்பர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பொன்னேரியில் லோக்கல் டிரெயினைப் பிடித்தேன். உட்கார இடமில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

எதிரே மூன்று பேர் சீட்டில் நாலு பேர். ஜன்னலோரம் கும்மிடிப்பூண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். நடுவில் தூங்கி வழியும் ஒருவர். என்னோடு ஏறிய கலா, தேர்வாய் கண்டிகை கம்பெனி ஒன்றில் வேலை. அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் பாய் பத்திரிகையையே பிரித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் க்ரைம் தொடர்! அன்றைக்குக் கடைசி அத்தியாயம். நல்லவேளை, அதில் என் போட்டோ போடுவதில்லை.

நாலாவது ஆள் பிகாஷ். ஒடிசாக்காரர், வெல்டர். பாதி உடம்பு சீட்டில், பாதி வெளியே.

உங்களுக்குத்தான் கதை தெரியுமே… தொழிற்சாலையில் ஒரு கொலை. பையைத் திறந்தே காட்டாத ஒடிசா வெல்டர் ஒருவன். முதல் வாரமே 'அவன்தான்' என்று எத்தனை கடிதம் போட்டீர்கள்! நான் மட்டும் யோக்கியமா? யோசித்தபோது எனக்கும் முதலில் தோன்றியது அவன்தான். ஏன்? வெளியூர்க்காரன் – அவ்வளவுதான். வெட்கப்பட்டுத்தான் முடிவை மாற்றினேன். க்ரைம் கதையில் நாங்கள் எழுதுவது பாதி. மீதியை நம் சந்தேகமே எழுதிக்கொள்கிறது.

பிகாஷுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இரண்டு வருஷம் கதவோரமே நின்று போனவராம். கலா அப்புறம் சொன்னார். தன் ஊர்க்காரன் கதையில் வருகிறான் என்றதும், பாய் வாராவாரம் உரக்கப் படிப்பதைக் கேட்கக் கிட்டே வந்திருக்கிறார். இவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார்கள்.

"அவன்தான் கொலை பண்ணான்னா… நான் மறுபடி டோராண்ட போய் நிக்கணுமா பாய்?"

சிரித்தபடிதான் கேட்டார். கை மட்டும் சீட் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒருவர் உட்காரும் இடம் என் பேனாவில் இருக்கிறதென்று நான் நினைத்ததே இல்லை.

"இம்மா நாளு கதையில சந்தேகம்னா எங்க மேலதான் வுழும். இப்ப உனுக்கு வந்துகீது. புரமோஷன்டா!" என்றார் பாய்.

"அவன் கொலைகாரனாவே இருந்தாலும் நீ இங்கதான் உக்காரணும்," என்றார் கலா. "படி பாய்!"

பாய் படித்தார். கொலைகாரன், எல்லார் பிறந்தநாளுக்கும் ஸ்வீட் கொடுக்கும் மேனேஜர்! வெல்டர் பையில் இருந்தது, அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய். ரூமில் மற்றவர்களுக்குத் தெரிந்தால் மிஞ்சாதே!

"கரெக்ட்டு! நானும் அப்டிதான் ஒளிச்சி வெப்பேன்!" பிகாஷ் கைதட்டியதில் தூங்கியவர் எழுந்துவிட்டார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அப்போதுதான் பிகாஷின் பார்வை என் மேல் விழுந்தது.

"இன்னா சார்… பொன்னேரிலேர்ந்து எங்களையே பாத்துக்கினு வர்றீங்க. பையை வேற கட்டிப் புடிச்சிக்கினு… உள்ள இன்னா?"

நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். பையைத் திறந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய மைசூர்பாகு. ஆளுக்கொன்று நீட்டினேன்.

"ஐயய்யோ, ஸ்வீட் குடுக்கறாரு பாய்… உஷாரு!" என்று கலா அலற, பெட்டியே சிரித்தது.

பிகாஷ் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

"கொலைகாரனா இருந்தாலும் பரவால்ல… உக்காருங்க சார்!"