அப்பா கேட்ட அடையாளம்

எங்கள் அப்பா ஆண்டவரைக் கேட்காமல் கத்தரிக்காய்கூட வாங்கமாட்டார். நறுக்கும்போது உள்ளே புழு நெளிந்தால், "இதுவும் சித்தம்தானா?" என்று அம்மா கேட்பாள். அப்பா காதில் விழாதவர் போலப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொள்வார்.

அப்போது தெலுங்குச் சீமையில், அல்வாலில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ராணுவ டிப்போவில் வேலை. சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். எனக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவே இல்லை. வேதத்தைக் காதால் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால் ஆபிரகாம், மோசே எல்லாரும் எனக்கு இன்றைக்கும் அப்பா குரலில்தான் பேசுகிறார்கள். அது கிடக்கட்டும், அத்தையைப் பற்றியல்லவா சொல்ல வந்தேன்!

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு வரும் ஒவ்வொரு வரனுக்கும் அப்பா ஆண்டவரிடம் ஓர் அடையாளம் கேட்பார். ஒருவர் வரும் நாளில் மழை பெய்யக்கூடாது என்று கேட்டார், கொட்டித் தீர்த்தது. இன்னொருவர் சொன்ன நேரத்துக்கு வரவேண்டும் என்றார். பஸ் பாதி வழியில் நின்றுபோனது. இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார். அத்தை முகம் வாடவில்லை.

அடுத்து வந்தவர் எங்கள் தமிழ்ச் சபைப் பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுகிறவர். சனத்நகரில் ஃபிட்டர். அவர் பேச்சு எழுந்த நாளிலிருந்து அத்தை அடுப்படியில் அடிக்குரலிலேயே பாட ஆரம்பித்தாள். பூனை உறுமுவது போலிருக்கும்.

அவர் வருவதற்கு முந்தின நாள் குடும்ப ஜெபத்தில் அப்பா கேட்டார்: "ஆண்டவரே, ஆபிரகாமோட மகனுக்குப் பொண்ணு தேடிப்போன ஊழியக்காரனுக்குக் கிணத்தடியில தண்ணியை வச்சு அடையாளம் காட்டுனீரே. நாளைக்கு வாற பிள்ளை தானா வாயைத் திறந்து தண்ணி கேட்டா, இது உம்ம சித்தம்னு ஒத்துக்கிடுதேன். கேக்கலைன்னா விட்டுருதேன்."

எல்லாரும் ஆமென் சொன்னோம். அத்தை மட்டும் சொல்லவில்லை.

"இந்த டிசம்பர் குளிர்ல யாருக்குங்க தாகம் எடுக்கும்?" என்றாள் அம்மா.

"ஆண்டவரால முடியாதது உண்டா? நாளைக்குத் தட்டோட தண்ணி வச்சிராதீங்க. நாமளே நீட்டிட்டா அப்புறம் அது என்ன அடையாளம்?"

பெண் பார்க்க வருகிறவர் வாய்விட்டு எதையும் கேட்பது எங்களில் வழக்கமில்லை. கொடுத்ததைத் தின்றுவிட்டு, போதும் போதும் என்பதுதான் மரியாதை.

மறுநாள் அத்தை மிர்ச்சி பஜ்ஜி போட்டாள். எப்போதும் மிளகாயைக் கீறி, விதையை வழித்தெடுத்துவிட்டுப் புளி தடவுவாள். அன்றைக்குக் கீறவே இல்லை. போதாததற்கு மாவிலும் மிளகாயை அரைத்துக் கலந்தாள்.

"எதுக்கு அத்தை இவ்வளவு காரம்?" என்று கேட்டேன்.

"ஜெபம் பண்ணிட்டுச் சும்மா உக்காந்திருக்கக் கூடாதுட்டி," என்றாள்.

அவர் தனியாகத்தான் வந்தார். பெரியவர்கள் ஊரில் இருந்தார்கள். முதல் பஜ்ஜியைத் தின்றதும் காது சிவந்தது. "நல்லாருக்கு அண்ணாச்சி," என்றார். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அத்தை எனக்குக் கண்ணைக் காட்டினாள். இன்னொன்று வைத்தேன். மரியாதைக்காக அதையும் தின்றார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கிறிஸ்துமஸ் பாட்டுகள் எப்படிப் போகின்றன என்று அப்பா விசாரித்தார். தரைக்குள்ளிருந்து வருகிற அந்தக் குரல் கீச்சென்று வந்தது. ஆனாலும் தண்ணீர் கேட்கவில்லை. திரையைப் பிடித்திருந்த அத்தையின் விரல்கள் வெளுத்துவிட்டன. மறுபடியும் கண்ணைக் காட்டினாள். நான் மறுபடியும் வைத்தேன். ஒரு கடிதான்.

"அண்ணாச்சி... கொஞ்சம் தண்ணி..."

சொல்லி வாய் மூடவில்லை, அத்தை நிறைசெம்போடு எதிரே நின்றாள். அடுப்படிக்குப் போய் எடுத்து வந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது.

அவர் அண்ணாந்து குடித்தார். அப்பா செம்பைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்து மெதுவாக மென்றார். கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்தது. தண்ணீர் கேட்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போதும் தம்பி, நீங்க இனிமே சாப்பிட வேண்டாம்," என்றார். குரல் கம்மியிருந்தது. "கர்த்தரோட சித்தம் தெளிவாத்தான் இருக்கு."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

அப்பா கண்ணீர் விட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆண்டவர் பேசினால் பெரியவர்களுக்கு இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று எண்ணி, நானும் கண்ணை மூடிப் பயபக்தியோடு கைகூப்பி நின்றேன்.